பல் உதிர்ந்த பெல்ட்

"ஆதித்தா... விடுலே... மூச்சு முட்டுதுலே..."

சிவசைலத்தின் கண்கள் பிதுங்கின. கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. துண்டின் இரண்டு முனைகளும் ஆதித்தனின் கையில்.

ஆதித்தன் முழு பலத்தோடு இழுத்தான்.

வழுக்கியது!

மறுபடி இழுத்தான்.

மறுபடியும் வழுக்கியது!

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அருவிக்குள் நுழையும் முன் எண்ணெய் மசாஜுக்கு உட்காருவார்கள் அல்லவா? சிவசைலம் அதை முடித்த கையோடு வந்திருந்தார். உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய். கொல்ல வந்தவனுக்கு இப்படி ஒரு தொல்லை வரும் என்று யார் எதிர்பார்த்தார்கள்!

சிவசைலம் துண்டுக்குள்ளிருந்து தலையை உருவிக்கொண்டு ஈரமண்ணில் தவழ்ந்தார்.

பழைய குற்றாலம் போகும் பாதையை ஒட்டிய தென்னந்தோப்பு. மத்தியான வேளை. சாரல் தூறிக்கொண்டிருந்தது. சீசன் கூட்டம் மொத்தமும் அருவியில் கிடந்தது. தோப்பில் ஈ காக்கை இல்லை.

"ஏலே... ஒண்ணா தொழில் பண்ணி, ஒண்ணா சாப்பிட்டவங்க நாம..."

"அதான் அண்ணாச்சி எனக்கும் வருத்தமா இருக்கு! நீங்க பேசாம இருந்திருக்கலாம்லா? போலீஸ்ல போய் எல்லாத்தையும் சொல்லப்போறேன்னு ஏன் ஒத்தக்கால்ல நின்னீங்க?"

"ஒரு பொம்பள செத்திருக்காலே! நம்ம வித்த பழைய கார்ல! ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடின வண்டிய முப்பதாயிரம்னு நீ மீட்டரக் குறைச்ச... நான் வித்தேன். மீட்டர நம்பி அவ புருஷன் டைமிங் பெல்ட்ட மாத்தல. புளியரை மலையில பெல்ட்டு அறுந்து, வண்டி பள்ளத்துல உருண்டு... அந்த வள்ளித்தாய் மொகம் கண்ணுலயே நிக்குதுலே! எனக்குத் தூக்கமே வரல!"

"இனிமே நல்லாத் தூங்குங்க அண்ணாச்சி!"

ஆதித்தன் தன் காரின் டிக்கியைத் திறந்தான்.

முந்தின நாள்தான் தன் காருக்குப் பெல்ட் மாற்றியிருந்தான். கழற்றிப் போட்ட பழைய டைமிங் பெல்ட் உள்ளே கிடந்தது. எஞ்சினின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் தாளம் தப்பாமல் சுழல்வதற்காக மாட்டியிருக்கும் ரப்பர் வளையம். அதன் உட்பக்கம் முழுக்கப் பல்.

பல் இருந்தால் வழுக்காது!

வளையத்தை சிவசைலத்தின் தலை வழியாக மாட்டினான். பிடரிப் பக்கம் வீல் ஸ்பேனரைச் சொருகினான். முறுக்கினான்... முறுக்கினான்...

சிவசைலத்தின் குதிகால்கள் சேற்றைக் கிளறின. தொண்டைக்குள் ஏதோ ஒன்று 'களுக்'கென்று முறிந்தது. நாக்கு வெளியே வந்தது. மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் மார்பு எண்ணெயோடு கலந்து இறங்கியது.

அப்புறம் அசைவே இல்லை.

ஆதித்தன் மூச்சு வாங்க நிமிர்ந்தான். இன்னும் சற்று நேரத்தில் மாடக்கண்ணு இங்கே வருவான். செத்துப்போன வள்ளித்தாயின் புருஷன்; வடகரையில் விவசாயம் பார்ப்பவன். "அவன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கப்போறேன்" என்று சிவசைலமே அவனை வரச்சொல்லியிருந்தார். போன வாரம் இதே மாடக்கண்ணு தென்காசியில் இவர்களுடைய கார் யார்டுக்கு அரிவாளோடு வந்து, சிவசைலத்தைப் பார்த்து "உன் கழுத்த அறுக்காம விடமாட்டேன்" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போயிருந்தான்.

மாட்டிக்கொள்ள ஆள் ரெடி!

ஒரே ஒரு சிக்கல்தான். பெல்ட்!

சீசன் நேரத்தில் குற்றாலத்திலிருந்து கிளம்பும் வண்டிகளை மறித்து, மது பாட்டில் இருக்கிறதா என்று போலீஸ் டிக்கியைத் திறந்து பார்க்கும். ஆதித்தன் பெல்ட்டைச் சட்டைக்குள் இடுப்பில் சுற்றிக்கொண்டு தென்காசி வந்து சேர்ந்தான்.

எரித்தால் ரப்பர் நாற்றம் தெருவைக் கூட்டும். ஆற்றில் வீசலாமென்றால் பாலத்துக்குப் பாலம் குளிக்கிற கூட்டம்.

யோசித்தான்... யோசித்தான்... சிரித்தான்.

யார்டின் ஷட்டரை இறக்கினான். மூலையில் ஒரு வெள்ளை டீசல் கார் நின்றது. அவனுடைய காரின் அதே மாடல். நாளைச் சாயங்காலம் புனலூர் பார்ட்டி வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். அதிலிருந்த பெல்ட்டைக் கழற்றிவிட்டு, சிவசைலத்தைக் கொன்ற பெல்ட்டை அதற்குள் மாட்டினான்! மேலே பிளாஸ்டிக் கவரைப் பொருத்தி, கைரேகை தங்காதபடி பளிச்சென்று துடைத்தான்.

போலீஸ் டிக்கியில் தேடும். சீட்டுக்கு அடியில் தேடும். எஞ்சினின் வயிற்றுக்குள் தேடுமா? வண்டி கேரளாவுக்குப் போனால் பெல்ட்டும் கேரளாவுக்கு! வழியில் அறுந்து அந்தப் புனலூர்க்காரர் செத்தால்? அது அவர் தலையெழுத்து.

ஆதித்தனின் மனசு அப்படிப்பட்டது. நாசமாய்ப் போகிறவன்!

அவன் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. பிணத்தை மடியில் போட்டுக்கொண்டு உதவிக்குக் கத்திய மாடக்கண்ணுவை அன்று சாயங்காலமே கைது செய்தார்கள். ஆதித்தனையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு வெகுநேரம் உட்காரவைத்தார்கள்.

"மீட்டரக் குறைக்கிறதெல்லாம் சிவசைலம் அண்ணாச்சி சமாச்சாரம் மேடம். நான் ஆர்.சி. புக்கு, இன்சூரன்ஸுன்னு பேப்பர் வேலை பாக்குதவன். பானட்டத் தெறந்தா எது என்னன்னே எனக்குத் தெரியாது!"

சப்-இன்ஸ்பெக்டர் லோகநாயகி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"யார்ட ஒரு தடவ பாத்துக்கிடலாமா?"

"தாராளமா! இந்தாங்க சாவி!"

மறுநாள் காலை.

லோகநாயகி யார்டு வாசலில் வந்து நின்றாள். பக்கத்தில் தொப்பையும் தூக்கமுமாக ஒருவர், கையில் நீளக் குடையோடு.

"இவரு வி.ஏ.ஓ. வேல்ராஜ். வள்ளித்தாய் விழுந்த எடத்துல ஒரு மகஜர் போடணும் அண்ணாச்சி. அவரு ஒரு சாட்சி, நீங்க ஒரு சாட்சி. ரெண்டு கையெழுத்து, முடிஞ்சது வேலை. சாயங்காலம் மாடக்கண்ணுவக் கோர்ட்ல நிறுத்தி ரிமாண்டு வாங்கணும்."

"பாவம்தான் மேடம். ஆனா செஞ்சவன் அனுபவிக்கணும்லா?"

"கரெக்டாச் சொன்னீங்க! ஜீப்பெல்லாம் அருவி பந்தோபஸ்துக்குப் போயிருச்சு. உங்க வண்டி ஒண்ணு எடுத்துக்கிடுவோமா? அந்த வெள்ளை?"



"வெள்ளையா... அந்தக் கருப்பு எடுங்க மேடம். ஏ.சி. கும்முனு இருக்கும்."

"சாரல்ல எதுக்கு ஏ.சி.? ஏன், வெள்ளையில ஏதும் கோளாறா?"

"சே... சே! கோளாறெல்லாம் ஒண்ணும் இல்ல."

வேறென்ன சொல்வான்? பானெட்டைத் திறந்தால் எது என்னவென்று தெரியாதவன் ஆயிற்றே!

லோகநாயகி ஸ்டியரிங் பிடித்தாள். ஆதித்தன் பக்கத்து சீட்டில். வேல்ராஜ் பின்சீட்டில் சாய்ந்த உடனே கொட்டாவி விட்டார்.

சாவியைத் திருப்பினாள்.

கர்... கர்... கர்... பிடிக்கவில்லை.

ஆதித்தனின் உள்ளங்கை வியர்த்தது. பல் போன பெல்ட் புல்லிச் சக்கரத்தில் நழுவினால் எஞ்சின் தாளம் தப்பும். தாளம் தப்பினால் இப்படித்தான், எளிதில் ஸ்டார்ட் ஆகாது.

மறுபடி திருப்பினாள். கர்... கர்... உர்ர்ர்!

"ஆங், பிடிச்சிருச்சு! ஏன் அண்ணாச்சி இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"புழுக்கம் மேடம்."

"சாரல் அடிக்குது, புழுக்கம்ங்கிறீங்க!"

வண்டி செங்கோட்டையைத் தாண்டியது. பின்சீட்டில் குறட்டை ஆரம்பித்தது. எஞ்சின் பக்கத்திலிருந்தும் ஏதோ ஒன்று ஆரம்பித்தது.

டிக்... டிக்... டிக்... டிக்...

ஆதித்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். போன வாரம் அவனுடைய காரில் கேட்ட அதே சத்தம்! அதைக் கேட்ட பிறகுதான் அவன் தன் பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தான். வரிசையாகச் சில பற்கள் உதிர்ந்து கிடந்தன. அந்தப் பெல்ட்தான் இப்போது அவன் முழங்காலுக்கு முன்னால் சுற்றிக்கொண்டிருக்கிறது!

"அண்ணாச்சி, அது என்ன டிக் டிக்குன்னு கேக்குது?"

"எனக்கு... எனக்கு எதுவும் கேக்கலியே!"

"மீட்டர் இருபத்தெட்டாயிரம்தான் காட்டுது. நல்ல வண்டியாத்தான் தெரியுது. எங்க அக்கா மகளுக்குச் சொல்லட்டுமா?"

"அது... புக்கிங் ஆயிருச்சு மேடம்."

புளியரை வந்தது. மலை ஏற்றம் தொடங்கியது. முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி. இடது பக்கம் தடுப்புச்சுவர், அதற்கப்பால் பள்ளம். மழைத்தண்ணீர் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது.

டிக்-டிக்-டிக்-டிக்... சத்தம் வேகம் பிடித்தது!

"இன்னும் ரெண்டு வளைவு. அங்கனதான் வள்ளித்தாய் விழுந்தது. மாடக்கண்ணு சொன்னான், ஏறிக்கிட்டு இருக்கும்போதே எஞ்சின் செத்துருச்சாம். பிரேக்க மிதிச்சா கல்லு மாதிரி இருக்காம். ஸ்டியரிங் திரும்ப மாட்டேங்குதாம். வண்டி பின்னாலயே உருண்டு... அவன் வெளிய வந்து விழுந்துட்டான். அந்தப் பொம்பளையால முடியல. ஏன் அண்ணாச்சி சீட்ட அந்தப் பிடி பிடிக்கீங்க?"

"மேடம்... கொஞ்சம் ஓரமா நிறுத்துங்களேன். ஒண்ணுக்கு வருது."

"இங்கனயா? பின்னால லாரிக்காரன் ஏறிருவான்! மேல போய்ப் பாத்துக்கிடலாம்."

வண்டி திணறியது! எஞ்சின் உறுமியது, சக்கரம் இழுக்கவில்லை.

"என்னது, இழுக்கவே மாட்டேங்குது!"

டிக்டிக்டிக்டிக்டிக்!

இடிந்த தடுப்புச்சுவர் தெரிந்தது. இடிபாட்டில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே வெறும் பனிமூட்டம்.

பேசினால் கழுத்தில் கயிறு. பேசாவிட்டால் பள்ளத்தில் பிணம். வள்ளித்தாயின் தலை எப்படி நசுங்கியிருந்தது என்று சிவசைலம் அழுதுகொண்டே சொன்னது காதில் ஒலித்தது. பின்னால் வந்த லாரி ஹாரனை அலறவிட்டது.

"நிறுத்துங்க!"

"எதுக்கு?"

"பெல்ட்டு அறுந்துரும்! டைமிங் பெல்ட்டு! நிறுத்துங்க மேடம்!"

"பானட்டத் தெறந்தா எது என்னன்னே தெரியாதுன்னீங்க?"

"தெரியும்! எல்லாம் தெரியும்! அதுல வரிசையாப் பல்லு போயிருக்கு! என் வண்டியில கெடந்த பழசு... நான்தான் முந்தாநாள்... இல்ல, நேத்து இதுல மாட்டினேன்! செத்துப்போவோம்! நிறுத்துங்க!"

லோகநாயகி ஸ்டியரிங்கை ஒடித்தாள். சாலை சற்று அகன்ற இடத்தில் வண்டி நின்றது. லாரி உரசாத குறையாகத் தாண்டிப் போனது.

பின்சீட்டில் குறட்டை நின்றுவிட்டது.

"நேத்துன்னு சொன்னாருங்க. நான் நல்லாவே கேட்டேன்" என்றார் வேல்ராஜ், கண்ணைத் திறக்காமலே.

லோகநாயகி திரும்பி ஆதித்தனைப் பார்த்தாள்.

"சிவசைலம் கழுத்தச் சுத்திப் பல்லு பல்லாத் தடம். ஒரு எடத்துல மட்டும் தடம் இல்ல... வழுவழுன்னு இருக்கு. அத நாங்க யாருக்கும் சொல்லல. பல்லு போன பெல்ட்டு உங்க வண்டியில கெடந்ததுன்னு இப்ப நீங்களே சொல்லிட்டீங்க!"

ஆதித்தனின் கை டாஷ்போர்டு அறைக்குள் பாய்ந்தது. ஸ்க்ரூடிரைவர்!

'சதக்'கென்று அவள் முன்கையில் இறக்கினான்!

காக்கிச் சட்டை கிழிந்தது. ரத்தம் ஸ்டியரிங்கில் தெறித்தது. மறுபடி ஓங்கினான். இந்தத் தடவை கழுத்துக்கு!

லோகநாயகியின் முழங்கை முந்திக்கொண்டது. மூக்கெலும்பு நொறுங்கும் சத்தம் அவனுக்கே கேட்டது. ஊளையிட்டபடி கதவைத் திறந்து வெளியே உருண்டான், எழுந்தான், ஓடினான்.

அவள் பாய்ந்து காலை வாரினாள். இருவரும் இடிந்த சுவரோரம் விழுந்தார்கள். அவன் அவள் முடியைப் பிடித்துக் கல்லில் மோதினான்... ஒரு முறை... இரண்டு முறை... நெற்றி பிளந்தது. அவள் இடுப்பைப் பிடித்துப் பள்ளத்தை நோக்கித் தள்ளினான்.

"போடி! அந்த வள்ளித்தாய்க்குத் துணையாப் போ!"

கல் ஒன்று பெயர்ந்து பனிக்குள் விழுந்தது. விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது.

'படார்!'

வேல்ராஜின் குடைக்கம்பு அவன் காது மேலேயே இறங்கியது. அவன் தடுமாறிய அந்த இடைவெளி அவளுக்குப் போதும். கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினாள். தோள்மூட்டு 'டப்'பென்று கழன்றது. மலையே எதிரொலிக்க அலறினான் ஆதித்தன்.

விலங்கு மாட்டி வண்டியில் சாய்த்து நிறுத்தினாள். நெற்றி ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

ஆதித்தன் ரத்தப் பற்களைக் காட்டிச் சிரித்தான். அவனிடம் இன்னும் ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது.

"நீங்க பெரிய முட்டாள் மேடம்! அந்தப் பெல்ட்டோடயே இவ்வளவு தூரம் மலையேத்திட்டீங்க! அதுல ஒட்டியிருந்ததெல்லாம் இந்நேரம் தேஞ்சு, உருகிப் போயிருக்கும்! எவிடென்ஸ நீங்களே அழிச்சுட்டீங்க! போலீஸ்கிட்ட சொன்னது கோர்ட்ல செல்லாது. நான் மாத்திச் சொல்லுவேன்!"

"அண்ணாச்சி, நான் போலீஸ் இல்லியே! நான் கேட்டதும் செல்லாதா?" என்றார் வேல்ராஜ்.

"நீ தூங்கிட்டு இருந்த!"

"கவர்மென்ட் ஆபீஸர் நான். கண்ண மூடிக்கிட்டே எல்லாம் கேக்கும்."

லோகநாயகி பானெட்டைத் தூக்கினாள். எஞ்சின் ஓரத்தில் இருந்த பிளாஸ்டிக் கவரைக் கழற்றினாள்.

"எட்டிப் பாருங்க அண்ணாச்சி."

ஆதித்தன் எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்தது.

உள்ளே புத்தம் புது பெல்ட்! ஒரு பல் கூடக் குறையவில்லை!

"நேத்து நீங்க ஸ்டேஷன்ல உக்காந்து டீ குடிச்சுட்டு இருந்தீங்கள்ல... அப்பவே பழசக் கழட்டி லேபுக்கு அனுப்பியாச்சு. யார்டு முழுக்கத் தூசி. இந்த ஒரு கவர் மட்டும் பளபளன்னு இருந்துச்சு. தெறந்தா நல்லெண்ணெய் வாசம் ஆள அடிக்குது! எந்த மெக்கானிக்கு எஞ்சினுக்கு நல்லெண்ணெய் ஊத்துதான்?"

"அப்ப... அந்த டிக் டிக்?"

வேல்ராஜ் குனிந்து, எஞ்சின் ஓடும்போது புல்லியில் உரசும்படி கட்டியிருந்த ஒரு பிளாஸ்டிக் அட்டையைப் பிய்த்து எடுத்தார்.

"பிள்ளைங்க சைக்கிள் சக்கரத்துல சொருகி விளையாடுவாங்கள்ல... அதேதான்! உங்க கம்பெனி விசிட்டிங் கார்டு. நல்ல அட்டை, கெட்டியா இருக்கு."

"ஸ்டார்ட் ஆகலியே... மலையில இழுக்கலியே..."

"சாவிய பாதியிலயே விட்டேன். கிளச்ச மிதிச்சுக்கிட்டே ஏத்துனேன். கால் வலி உயிர் போகுது!"

"லேபுக்கே அனுப்பியாச்சுன்னா... அப்புறம் எதுக்கு என்னைய இவ்வளவு தூரம்..."

லோகநாயகியின் குரலில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை.

"லேப் ரிப்போர்ட்டு வர நாளாகும். மாட்டினது நீதான்னு அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும். பொண்டாட்டியப் பறிகொடுத்தவன் செய்யாத கொலைக்கு ஒரு ராத்திரி உள்ள கெடந்தாச்சு. இன்னொரு ராத்திரி அவன் கெடக்கக் கூடாது. சாயங்காலம் கோர்ட்ல அவனுக்குப் பதிலா நீ நிக்கப்போற."

ஆதித்தனின் தலை தொங்கியது. மூக்கு ரத்தம் சட்டையில் சொட்டியது.

"ஆயுள் தண்டனையா மேடம்...?"

"அத ஜட்ஜ் ஐயா சொல்லுவாரு. ஆனா ஒண்ணு அண்ணாச்சி..." லோகநாயகி பானெட்டை அறைந்து மூடினாள். "அவரு போடுத வருஷத்த மட்டும் மீட்டர் மாதிரி பின்னால சுத்திக் குறைக்க முடியாது!"